“கிளிக்” சத்தம் கேட்டால் கோல்ப் ஆட்டமே காலி! காமிராவுக்கு 3 நாள்... கண்ணுக்கு 4 நாள்!

ஒரு சின்ன “கிளிக்” சத்தம். அதனால் ஒரு காமிரா குளத்துக்குள் போனது!

இந்தச் சம்பவம் நடந்தது 2002-ம் ஆண்டு. இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள இன்டியோ. அங்கே “ஸ்கின்ஸ்” என்ற கோல்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. உலகப் புகழ் பெற்ற வீரர் டைகர் வுட்ஸ் ஆடினார். கடைசிக் குழி. பந்து மணல் பள்ளத்தில் கிடந்தது. டைகர் மட்டையை ஓங்கினார். கூட்டம் மூச்சுவிடவில்லை.

“கிளிக்!”

வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் காமிராதான் சத்தம் போட்டுவிட்டது.

டைகரின் உதவியாளர் ஸ்டீவ் வில்லியம்ஸ் விறுவிறு என்று அந்த ஆளிடம் போனார். காமிராவைப் பிடுங்கினார். பக்கத்தில் இருந்த குளத்தில் ஒரே வீச்சு. தொபுக்கடீர்!

அந்தக் காமிராவின் விலை 7 ஆயிரம் டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

கோல்ப் வீரருக்கு மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளருக்கு ஆங்கிலத்தில் “கேடி” என்று பெயர். நம் ஊர் போலீஸ் லிஸ்டில் இருக்கும் கேடி வேறு, இவர் வேறு. ஆனால் அன்று காமிராவைப் பறிகொடுத்தவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பார்!

“அடுத்தவன் காமிராவைத் தூக்கித் தண்ணீரில் போடுவது அநியாயம் இல்லையா?” என்று கேட்கலாம். அநியாயம்தான். ஆனால் ஒரு “கிளிக்” சத்தத்துக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரே அடி... 19 லட்சம் டாலர்!

கோல்ப் ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடலாம். மைதானத்தில் 18 குழிகள். பந்தை மட்டையால் அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் போட வேண்டும். பெரிய பந்தயங்கள் 4 நாள் நடக்கும். நாள் ஒன்றுக்கு 18 வீதம் மொத்தம் 72 குழி. யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி.

ஒரு அடி கூடினால் என்ன நஷ்டம்?

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் உள்ள அகஸ்டா நகரில் “மாஸ்டர்ஸ்” பந்தயம் நடந்தது. வடக்கு அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராயும், இங்கிலாந்து வீரர் ஜஸ்டின் ரோசும் 4 நாள் முடிவில் சரிசமமாக நின்றார்கள். ஜெயிப்பது யார் என்று முடிவு செய்ய இன்னும் ஒரு குழி ஆட வைத்தார்கள். மெக்கில்ராய் 3 அடியில் முடித்தார். ரோசுக்கு 4 அடி ஆனது.

மெக்கில்ராய்க்குக் கிடைத்த பரிசு 42 லட்சம் டாலர். ரோசுக்கு 22 லட்சத்து 68 ஆயிரம் டாலர். வித்தியாசம் 19 லட்சத்து 32 ஆயிரம் டாலர். 4 நாள் ஓடியாடி உழைத்தும், கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே ஒரு அடி!

கண் இமைக்கும் நேரம்

கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். உயரே ஓங்கிய மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. மட்டையும் பந்தும் ஒட்டி இருக்கும் நேரம் இன்னும் குறைவு. ஒரு நொடியை 2 ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! அதற்குள் பந்து மணிக்கு 270 கிலோ மீட்டருக்கு மேல் வேகம் எடுத்துவிடுகிறது.

அந்தக் கால் நொடியில் காதருகே “கிளிக்” என்றால் உடம்பு தானாகவே ஒரு சின்ன உதறல் உதறும். மட்டையின் முகம் இம்மி திரும்பினால் போதும். பந்து எங்கேயோ போய் மரத்தடியில் விழும்.

“கிரிக்கெட்டில் ஆயிரம் பேர் கத்துகிறார்களே, அங்கே பேட்ஸ்மேன் ஆடவில்லையா?” என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே சத்தம் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். காது பழகிவிடும். இங்கே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதிக்கு நடுவே திடீர் என்று வரும் ஒரே ஒரு சத்தம்தான் எமன்.

அதனால்தான் கோல்ப் பந்தயத்தில் வீரர் மட்டையைப் பிடித்ததும் ஊழியர்கள் இரண்டு கைகளையும் உயரே தூக்கிக் காட்டுகிறார்கள். “சத்தம் போடாதே!” என்று அர்த்தம். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

3 நாள் தாராளம்!

அப்படியானால் உலக வீரர்களைப் பக்கத்தில் பார்த்துப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்வது?

அகஸ்டாவில் அதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மாஸ்டர்ஸ் பந்தயம் 1934-ம் ஆண்டு தொடங்கியது. பாபி ஜோன்ஸ் என்ற பழைய சாம்பியனும், கிளிபோர்டு ராபர்ட்ஸ் என்பவரும் ஆரம்பித்து வைத்தது. மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் செடி, மரக்கன்று வளர்த்த நர்சரி. இன்றைக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடி அல்லது மரத்தின் பெயர்தான். ஏப்ரல் மாதம் அசேலியா பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும். போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் ஏது?

திங்கள், செவ்வாய், புதன் ஆகிய 3 நாளும் பயிற்சி ஆட்டம். இந்த 3 நாளும் ரசிகர்கள் காமிராவுடன் வரலாம். தங்கள் சொந்த உபயோகத்துக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வியாழன் முதல் ஞாயிறு வரை 4 நாள் நிஜப் பந்தயம். அந்த 4 நாளும் ரசிகர்கள் காமிராவைக் கொண்டுவரவே கூடாது.

செல்போனுக்கோ 7 நாளும் தடை! கையில் செல்போன் இருப்பது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். டிக்கெட்டும் போய்விடும். குலுக்கலில் பெயர் விழுந்து கிடைக்கும் டிக்கெட் அது. அதனால் யாரும் விளையாட்டுக்குக்கூட அந்தத் தப்பைச் செய்வதில்லை.

தண்ணீர் மேல் ஓடும் பந்து!

பயிற்சி நாளில் வீரர்கள் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். ஒரே இடத்தில் இருந்து இரண்டு, மூன்று பந்து அடித்துப் பார்ப்பார்கள். படம் எடுக்கிறவருக்கு ஒன்று தவறினால் இன்னொன்று கிடைக்கும்.

16-வது குழியில் ஒரு தமாஷ் நடக்கும். அங்கே நடுவில் குளம். பயிற்சி ஆட்டத்தில் வீரர்கள் அந்தக் குளத்தின் ஓரமாக வந்ததும் கூட்டம் ஒரே குரலில் கத்தும். எதற்கு? பந்தைத் தண்ணீர் மேல் தாவ விடும்படி! பையன்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடுவார்களே, அதே போல வீரர்கள் பந்தைத் தாழ்வாக அடிப்பார்கள். பந்து தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போய் அக்கரையில் ஏறும்.

பிஜித் தீவைச் சேர்ந்த இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங், 2000-ம் ஆண்டு மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். 2009-ம் ஆண்டு பயிற்சி நாளில் இவர் அடித்த பந்து தண்ணீரில் தத்தி, கரை ஏறி, உருண்டு உருண்டு நேராகக் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டது! கூட்டம் ஆரவாரம் செய்தது. பயிற்சி நாள் என்பதால் காமிராவுக்கும் தடை இல்லை.

புதன்கிழமை இன்னொரு வேடிக்கை. 9 சின்னக் குழிகள் மட்டும் கொண்ட ஒரு போட்டி. 1960-ம் ஆண்டில் இருந்து நடக்கிறது. பல வீரர்களுக்கு அன்றைக்குக் கேடி யார் தெரியுமா? அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான்! வெள்ளை உடுப்பு போட்ட வாண்டுகள் மட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் ஓடும். காமிராக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் புதன்கிழமை ஜெயிக்க வீரர்களுக்கு உள்ளூர ஒரு பயம். 2025 வரை, புதன்கிழமைப் போட்டியில் ஜெயித்த யாருமே அதே ஆண்டு பெரிய பந்தயத்தில் ஜெயித்தது இல்லை!

துண்டு போட்டு இடம் பிடிப்பது அங்கேயும் உண்டு

வியாழக்கிழமை பொழுது விடிந்தால் மைதானத்தின் முகமே மாறிவிடும். சிரிப்பு இல்லை. காமிரா இல்லை. ஓடக்கூடாது என்றுகூட விதி இருக்கிறது. நடந்துதான் போக வேண்டும்.

நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அங்கே மடக்கு நாற்காலி! காலையில் வந்து, பெயர் எழுதிய நாற்காலியைப் பிடித்த இடத்தில் போட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். யாரும் எடுக்கமாட்டார்கள். நடுவில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தாலும் சொந்தக்காரர் வந்ததும் எழுந்துவிடுவார்கள். “இது என் இடம்” என்று மல்லுக்கட்டும் பேச்சே இல்லை.

அவசரமாக வீட்டோடு பேச வேண்டும் என்றால்? மைதானத்திலேயே வரிசையாக டெலிபோன்கள் வைத்திருக்கிறார்கள். காசு இல்லாமல் பேசலாம். இந்தக் காலத்திலும் டெலிபோனுக்கு முன்னால் ஆட்கள் நிற்பதை அங்கே பார்க்கலாம்!

தொழில் போட்டோகிராபர் பாடு

“பத்திரிகையில் பந்தயப் படம் வருகிறதே, அது எப்படி?” என்ற கேள்வி வரும். அனுமதி பெற்ற தொழில் போட்டோகிராபர்கள் எடுப்பவை அவை. ஆனால் அகஸ்டாவில் அவர்களுக்கும் தனிச் சலுகை கிடையாது. மற்ற பல பந்தயங்களில் கயிற்றுக்கு உள்ளே நின்று எடுக்கலாம். இங்கே அவர்களும் கயிற்றுக்கு வெளியே, ஜனங்களோடு ஜனங்களாக நின்றுதான் எடுக்க வேண்டும்.

அவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மட்டை பந்தைத் தொடும் வரை பொத்தானை அமுக்கக் கூடாது. அதனால்தான் பழைய கோல்ப் படங்களில் பெரும்பாலும் பந்து போன பிறகு வீரர் நிற்கும் கோலமே இருக்கும்.

விஞ்ஞானிகள் மட்டும் இதற்கு விலக்கு. 1938-ம் ஆண்டிலேயே அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன், டென்ஸ்மோர் சூட் என்ற வீரரை ஆட வைத்து, விளக்கைப் படபடவென்று மின்னவைத்து, ஒரே படத்தில் மட்டை போகும் பாதை முழுவதையும் பிடித்துக் காட்டினார். அடிக்கும் வேகத்தில் மட்டையின் தண்டு வளைவது அதில் தெரிந்தது.

2017-ம் ஆண்டில் சோனி கம்பெனி ஒரு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நொடிக்கு 20 படம். சத்தம் துளிகூட இல்லை! போட்டோகிராபர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். இந்த ரகக் காமிரா படத்தை வரி வரியாகப் பதிவு செய்யும். முதல் வரி பதிவாகிக் கடைசி வரி பதிவாவதற்குள் மட்டை நகர்ந்துவிடும். விளைவு? நேரான மட்டை படத்தில் வாழைப்பழம் போல் வளைந்து நிற்கும்! படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் காமிராவை அதே கம்பெனி 2023-ல் அறிவித்தது. அதோடு அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

செத்துப் பிழைத்தவரின் படம்

சத்தமில்லாக் காமிரா எதுவும் இல்லாத காலத்தில் எடுத்த படம்தான் கோல்ப் உலகத்திலேயே பெரிய புகழ் பெற்றது.

பென் ஹோகன் என்பவர் அமெரிக்க சாம்பியன். 1949 பிப்ரவரி மாதம் மனைவியோடு காரில் போனபோது எதிரே வந்த பஸ் மோதியது. அந்த நொடியில் ஹோகன் மனைவியைக் காப்பாற்ற அவர் மேல் பாய்ந்து விழுந்தார். மனைவி தப்பினார். ஹோகனுக்கு எலும்புகள் முறிந்தன. “இனி இவர் நடப்பாரா?” என்றே சந்தேகம்.

16 மாதம் கழித்து, 1950 ஜூன் மாதம் பென்சில்வேனியாவில் மெரியன் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓபன் பந்தயத்தில் அவர் ஆடினார். கடைசி நாள் 36 குழி. கால்களில் கட்டு. ஒவ்வொரு அடியும் வேதனை. கடைசிக் குழிக்கு வந்தபோது சமன் செய்தால்தான் உயிர்.

ஹோகன் மட்டையை வீசினார். அவருக்கு நேர் பின்னால் நின்ற ஹை பெஸ்கின் என்ற போட்டோகிராபர் பொத்தானை அமுக்கினார். பந்து பறந்துவிட்டது. மட்டை உயரே நிற்கிறது. எதிரே ஜனக்கடல். ஹோகன் முகம் படத்தில் இல்லை. முதுகு மட்டும்தான்! ஆனால் அந்த முதுகைப் பார்த்தாலே மனிதர் பட்ட பாடு தெரியும்.

ஹோகன் சமன் செய்தார். மறுநாள் 3 பேர் மோதிய முடிவுப் போட்டியில் 69 அடியில் முடித்துப் பட்டத்தைத் தட்டிச்சென்றார்.

செல்போன் கொடுத்த தலைவலி

காமிரா சில பேர் கையில் இருந்தவரை சமாளித்தார்கள். செல்போனில் காமிரா வந்ததும் ஒவ்வொருவரும் போட்டோகிராபர்!

2006-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஹொய்லேக் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் நடந்தது. செல்போன் “கிளிக்” சத்தத்தால் டைகர் வுட்ஸ் உள்பட வீரர்கள் தவித்தார்கள். அதைத் தொடர்ந்து அங்கே செல்போனுக்குத் தடை வந்தது. 2012-ல்தான் தடையை நீக்கினார்கள்.

அதே 2012-ல் அமெரிக்காவில் “மெமோரியல்” பந்தயத்தில் பில் மிக்கெல்சன் முதல் நாள் 79 அடி எடுத்தார். மனச்சோர்வு என்று சொல்லிப் பந்தயத்தில் இருந்தே விலகிவிட்டார். செல்போன் தொல்லைதான் காரணம் என்று அப்போது பேச்சு அடிபட்டது.

பார்வை பறிபோன சோகம்

ஆட்டக்காரருக்கு மட்டுமா ஆபத்து? பார்க்கிறவருக்கும்தான்.

2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பாரீஸ் நகருக்கு அருகே ரைடர் கோப்பைப் பந்தயம். அமெரிக்க வீரர் புரூக்ஸ் கெப்கா அடித்த பந்து வழி தவறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ரசிகையாக வந்த ஒரு பெண்ணின் முகத்தில் பட்டது. பாவம், அவருடைய வலது கண் பார்வை பறிபோனது. ஆட்டம் பார்க்க ஆசையாக வந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் தீராத துயரம்.

பந்து கூட்டத்தை நோக்கி வந்தால் “ஃபோர்!” என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் “எங்கே வருது?” என்று அண்ணாந்து பார்க்கக் கூடாது. காமிராவைத் தூக்கவும் கூடாது. குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். படம் போனால் போகட்டும்!

நல்ல படம் எடுக்க...

கோல்ப் பந்தயத்தில் படம் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை வருமாறு:-

சத்தமில்லாமல் எடுக்கும் வசதி காமிராவில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பந்து பறந்த பிறகே பொத்தானை அமுக்க வேண்டும்.

வீரரின் கண்ணுக்கு நேர் எதிரே நின்று ஆடக்கூடாது, அசையக்கூடாது. சத்தத்தைப் போலவே அசைவும் கவனத்தைக் கலைக்கும்.

மட்டை கீழே இறங்குவதை மங்காமல் பிடிக்க நொடியில் 2 ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். அந்த வசதி இல்லையா? கவலை வேண்டாம். பந்தை அடித்த பிறகு வீரர் அது போகும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். முகத்தில் நம்பிக்கை, பயம், கோபம் எல்லாம் வந்து வந்து போகும். அதுதான் படம்!

எல்லோர் கையிலும் செல்போன்... ஒருவர் கையில் மட்டும்?

2022-ம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்த பி.ஜி.ஏ. பந்தயத்தில் எடுத்த ஒரு படம் உலகத்தைச் சுற்றி வந்தது. டைகர் வுட்ஸ் கூட்டத்தை ஒட்டி நின்று பந்தை அடிக்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் பீர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கண்ணால் டைகரைப் பார்க்கிறார்! அந்தப் பீர் கம்பெனி அவரையே பிடித்து விளம்பரத்தில் போட்டுவிட்டது.

இன்னொரு படம் 2019-ல் அகஸ்டாவில் எடுத்தது. காயங்கள், ஆபரேஷன்கள், அவமானங்கள் எல்லாவற்றையும் தாண்டி டைகர் வுட்ஸ் மறுபடியும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற நாள். 14 ஆண்டு கழித்து அவருக்கு அங்கே கிடைத்த வெற்றி. கடைசிக் குழியைச் சுற்றி ஜனங்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவர் கையிலும் செல்போன் இல்லை. எல்லாக் கைகளும் உயரே. எல்லா வாய்களும் திறந்திருக்கின்றன. அத்தனை முகமும் டைகர் பக்கம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் அன்றைக்கு எடுத்த சொந்தப் போட்டோ கிடையாது. ஆனால் “என்னப்பா பார்த்தே?” என்று கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்!